மாலை போடாத படம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் சேர்க்க மாட்டேன், வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விட மாட்டேன். முதல் உண்மை, நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது, மூன்றாம் படிவத்தில் படிக்கிறேன். கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி வாத்தியாரின் அலமாரியில் உள்ள புத்தகங்களில் மகனுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோருமே தலை நரைத்தவர்கள். ‘ஒரு நாள்’ என்று தொடங்குகிறார்கள். அன்று மழையா வெயிலா, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவர்களுக்கே மறந்துபோயிருக்கிறது. எனக்கு இப்போது எல்லாம் நினைவிருக்கிறது. அதனால் முந்திக்கொள்கிறேன். நீ பெண்ணாகப் பிறந்தால் ‘மகளே’ என்று மாற்றிப் படித்துக்கொள், எனக்கு வருத்தமில்லை.

நீ வளர்ந்து, நம் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துக் கேட்பாய். எல்லார் வீட்டிலும் இறந்துபோன தாத்தா தனியாக, நேராகப் பார்த்துக்கொண்டு, மாலையோடு இருக்கிறார். நம் வீட்டில் மட்டும் ஏன் ஒரு கூட்டமே சிரித்துக்கொண்டு நிற்கிறது, இதில் இறந்துபோனவர் யார் என்று கேட்பாய். அதற்குப் பதில்தான் இது. நீ கேட்கும்போது நானும் ‘ஒரு நாள்’ என்று தொடங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தாத்தா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் கடைசிக் கோப்பியைக் குடித்தாரா இல்லையா என்று அப்பாவும் அத்தையும் சண்டை போடுகிறார்கள். குடித்தார். குவளையைக் கழுவியது நான்.

அவர் பெயர் வீராசாமி. என் அப்பாவின் அப்பா, உனக்குக் கொள்ளுத்தாத்தா. இளவயதிலிருந்து இந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார். முதுகு வளைந்த பிறகு மின்சாரம் தரும் எஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். எஞ்சின் ஓடும்வரைதான் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் விளக்கு எரியும். பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. தாத்தா சும்மா நிறுத்த மாட்டார். முதலில் விளக்குகளை இரண்டு முறை சிமிட்டுவார். சாப்பிடாதவர்கள் சாப்பிடலாம், பாய் விரிக்காதவர்கள் விரிக்கலாம் என்று அர்த்தம். சிமிட்டியதும் லயம் முழுக்கச் சத்தம் கிளம்பும். “யோவ் வீராசாமி! மீனு இன்னும் பொரியல, கொஞ்சம் பொறுய்யா!” என்று ஒரு வீட்டிலிருந்து வரும். “அண்ணே, புள்ளைக்கு வீட்டுப்பாடம் முடியல லா!” என்று இன்னொரு வீட்டிலிருந்து வரும். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. அதனால் மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய், “நேத்து யாரு என்னா திட்டுனீங்க, சொல்லுங்க,” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தந்த வீட்டிலேயே பசியாறிவிட்டு வருவார்.

அவர் செய்த வேடிக்கைகளில் பெரியது பனிமூட்டத்துக்குள் நடந்தது. நான் அப்போது இல்லை. இது அம்மா சொன்னது என்பதைக் குறித்துவிடுகிறேன். காலையில் மலையில் பனி இறங்கினால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் முகம்கூடத் தெரியாது. யாரும் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதை பேசுவார்கள். அன்றைக்குத் தோட்ட நிர்வாகியாக இருந்த துரை வெள்ளைக்காரர், அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். தாத்தா கவாத்துக் கத்தியோடு பனிக்குள் நின்றுகொண்டு துரையின் குரலில், “ஏய்! என்னா பேச்சி? கொளுந்து எடு!” என்று அதட்டுவார். பெண்கள் அலறியடித்துக்கொண்டு கூடையைத் தூக்குவார்கள். பிறகு பனிக்குள்ளிருந்து சிரிப்பு வரும். எல்லோரும் அவரைத் திட்டிவிட்டு மறுபடி பேச உட்காருவார்கள்.

அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதிது. ஒரு காலையில் அதே அதட்டல் கேட்டது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று அம்மா நினைத்தார். “போங்க மாமா! வேலையத்துப் போயிக் கத்திக்கிட்டு! வீட்ல போயிக் கொழம்புக்கு வெங்காயம் உரிங்க!” என்று பனியைப் பார்த்துக் கத்தினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “தொரைக்கு இன்னிக்கித் தொண்ட கட்டிக்கிச்சா? வரக்கோப்பி வச்சித் தரவா?” என்று ஒருத்தி கேட்டாள். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு நாய் வந்தது. பிறகு கைத்தடி. பிறகு துரை. “யார் மாமா?” என்று கேட்டார் துரை. கீழ் நிரையிலிருந்து தாத்தா கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி வந்து, “நான்தான் தொரை,” என்றார். பேசிக் காட்டு என்று உத்தரவு. தாத்தா துரைக்கு முன்னாலேயே நின்று, துரையின் குரலில், துரையைப் போலவே தாடையைத் தூக்கி, “ஏய்! என்னா பேச்சி? கொளுந்து எடு!” என்றார். துரை திரும்பி நடந்துவிட்டார். பனி மூடுவதற்குள் அவர் தோள்கள் குலுங்கியதைப் பார்த்ததாக அம்மா சொல்கிறார்.

இதற்கெல்லாம் சிரிக்காத ஒரே ஆள் என் அப்பா, அதாவது உன் தாத்தா. அவர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். பனிக்குள் அது நடந்த மறுநாள், தொழிற்சாலை வாசலில் எல்லாருக்கும் முன்னால், “உன் அப்பாவை சர்க்கஸில் சேர்த்துவிடு,” என்று துரை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். துரை வேடிக்கையாகத்தான் சொன்னாராம். ஆனால் அன்றிலிருந்து தோட்டத்தில் அப்பாவுக்குக் ‘கோமாளி மவன்’ என்று பெயர் வந்துவிட்டது. லோரி போகும்போது பையன்கள், “ஏய், என்னா பேச்சி!” என்று கத்துவார்கள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிடுவார். என் அப்பா நல்லவர், அதையும் எழுத வேண்டும். லோரி ஓட்டுவதற்குக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறவர். அவருக்கு மரியாதை வேண்டும், அவ்வளவுதான். சாப்பிட உட்காரும்போது தாத்தா ஏதாவது ஒரு கதை சொல்வார். சொல்லி முடித்ததும் சிரிக்கிற எங்களைப் பார்க்க மாட்டார், அப்பாவைப் பார்ப்பார். அப்பா சோற்றைப் பார்ப்பார். தோட்டத்தையே சிரிக்க வைத்த மனுஷருக்குச் சொந்த மகனின் சிரிப்பு மட்டும் கிடைக்கவே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு அத்தை மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்திருந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நம் குடும்பத்தில் அப்பா பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து அவர்தான் பேசுகிறார். குடும்பமாக ஒரு நல்ல படம் எடுத்தே தீர வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்ததால், பக்கத்து டவுன் தானா ராத்தாவிலிருந்து ஸ்டூடியோக்காரச் சீனர் மோட்டாரில் வந்தார். தாத்தா எந்தப் படத்திலும் ஒழுங்காக நின்றதில்லை. நாக்கை நீட்டுவார், இல்லாவிட்டால் பல்செட்டைப் பாதி வெளியே தள்ளுவார். அதனால் அத்தை, “அப்பா, மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு, ஆடாம நிப்பேன்னு,” என்றார். தாத்தா சத்தியம் செய்தார். புது வேட்டி கட்டி, நடுவில், சாமி சிலை மாதிரி நின்றார். சீனர் கெமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “சாத்து… டுவா…” என்று மலாயில் ஒன்று, இரண்டு எண்ணினார். மூன்றுக்கு ‘தீகா’ சொல்வதற்குள் தாத்தா உதட்டை அசைக்காமல், “ஏய்! என்னா பேச்சி? கொளுந்து எடு!” என்றார். அவ்வளவுதான். படம் எடுத்தாகிவிட்டது. அத்தை துண்டால் அவரை அடித்தார். தாத்தாவோ, “ஆடலம்மா, பேசத்தான் செஞ்சேன், பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணலியே,” என்றார். படம் கழுவி வந்ததும் அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கெட்டுப்போச்சி,” என்று துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். நாங்கள் யாரும் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. மகனே, உனக்கு என் புத்திமதி இது. ஒரு படம் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் நீ ஒருமுறை பார்த்துவிட்டு நம்பு.

தாத்தா இறந்தது ஒரு மழைப் பகலில். கோப்பியைக் குடித்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரும் முதலில் நம்பவில்லை. ஏனென்றால் அவர் முன்பே ஒருமுறை செத்துப்போன மாதிரி படுத்திருந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒப்பாரியைத் தொடங்கியதும், “சுதி கொஞ்சம் கொறைச்சலா இருக்கு,” என்று எழுந்து உட்கார்ந்தவர். அத்தை தாப்பாவிலிருந்து வந்து சேர்ந்ததும் அவர் காலைப் பிடித்து ஆட்டி, “எந்திரிப்பா. போதும்பா வெளையாட்டு. நான் பயந்துட்டேன்னு வச்சிக்க,” என்றார். லயத்து ஜனம் முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு கண்ணைத் திறப்பார் என்று நானும் காத்திருந்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் உண்மையாக இருக்காது.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படையல் வைக்கப் படம் வேண்டும். வீட்டில் இருந்த எல்லாப் படத்திலும் நாக்கு, பல்செட், ஆடிப்போன மங்கல். கடைசியில் அப்பாவின் பெட்டியில் கட்டைவிரல் அளவில் ஒன்று கிடைத்தது. அடையாளக் கார்டுக்காக எடுத்தது. அன்று தாத்தாவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கி, வாயை இறுக்கி மூடியிருந்தார். அவர் சிரிக்காத ஒரே படம் அதுதான். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இதுதான் சரி,” என்றார். நானும் அப்பாவோடு தானா ராத்தா ஸ்டூடியோவுக்குப் போனேன். சீனர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது வீராசாமியா? வாய் மூடி இருக்கானே! எப்படி?” என்றார். வீக்கத்தைச் சரிசெய்துவிடலாம், பெரிதாக்கி வர்ணம் தீட்டலாம் என்றார். “சட்டை மாத்தலாம் லா. ஜிப்பா இருக்கு, கோட்டு இருக்கு. எது வேணும்?” அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கோட்டு. டையும் போடுங்க, தவுக்கே,” என்றார் ஸ்டூடியோ முதலாளியிடம். “பாக்குறவங்களுக்கு மரியாத வரணும்.” தாத்தா வாழ்நாளில் கோட்டைத் தொட்டதுகூட இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. இனி அந்தச் சுவரைப் பார்க்கிற யாரும் தன்னைக் கோமாளி மவன் என்று சொல்லக் கூடாது என்று அவர் ஆசைப்பட்டார். எனக்கு வேறு கவலை. நீ தாத்தாவைப் பார்க்கப்போவது அந்தப் படத்தில் மட்டும்தான். அதில் அவர் இல்லாவிட்டால் உனக்கு அவர் இல்லவே இல்லை.

படம் வந்தது. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, வகிடெடுத்த முடி, ரோஜா நிறக் கன்னம். அப்பா கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து, கருமாதியன்று படையலுக்கு முன்னால் வைத்து, சாமந்தி மாலை போட்டார். தாத்தாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. சாடின் மீன் பெரட்டல், பிரிஞ்சாங் சந்தையில் வாங்கிய சோளம், சுருட்டு, வரக்கோப்பி. ஜனங்கள் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார், எல்லோரும் மரியாதையோடு இருப்பதைப் பார்த்து அவருக்கு நிம்மதி.

அப்போது பழைய கங்காணி வந்தார். தாத்தாவின் கூட்டாளி, கண்ணில் புரை விழுந்தவர். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சட்டென்று தலைக் குல்லாவைக் கழற்றினார். குனிந்து, “சலாங்க தொரை,” என்றார். பிறகு திரும்பி, பதறிப்போன குரலில், “தொரை வந்திருக்காரே, நாற்காலி போட்டீங்களா? வீராசாமி படத்த எங்கப்பா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தோம். இலைக்குப் பக்கத்தில் குனிந்து கோப்பியை வைத்துக்கொண்டிருந்த அம்மா, யாரையும் பார்க்காமல், மெதுவாக, “ஏய். என்னா பேச்சி. கொளுந்து எடு,” என்றார். அம்மா யாரைப் போலவும் பேசிக் காட்டியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்பாவின் தோள்கள் முதலில் அசைந்தன. பிறகு வயிறு. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, தாத்தா சிரிக்கிற மாதிரியே, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் தொடங்கியதும் வீடே வெடித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத கங்காணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அப்பா அழுதார். எது முடிந்து எது தொடங்கியது என்று நான் கவனித்துப் பார்த்தும் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் துணிப்பெட்டியைத் திறந்து அந்தக் கெட்டுப்போன தீபாவளிப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அத்தை முன்னால் குனிந்து தொடையைத் தட்டுகிறார். மாமா, அதாவது அத்தையின் கணவர், தான் விழாமலிருக்க அத்தையைப் பிடித்திருக்கிறார். இடது ஓரத்தில் மூக்குக் கண்ணாடியோடு கண்ணை மூடிச் சிரிக்கிறவள் நான். அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். ஆமாம், அன்று அப்பா சிரித்திருக்கிறார். நடுவில் நிற்கிற தாத்தா நாக்கை நீட்டவில்லை, பல்செட்டைத் தள்ளவில்லை. அவர் கெமராவைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பி, கழுத்தை எட்டி, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பரீட்சை முடிவு வாங்க நிற்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருக்கிறது, பாஸாகிவிட்ட பிள்ளை.

அப்பாவிடம் கொண்டுபோனேன். “தாத்தா யாரப் பாக்குறாரு பாருங்கப்பா,” என்றேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு, “சுத்தி எங்க?” என்று கேட்டார். கோட்டுப் படத்துக்காக அடித்த ஆணியை இன்னும் உள்ளே இறக்கி, தீபாவளிப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அத்தை மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். “டேய் தம்பி, இதுல நாம எல்லாரும் இருக்கோமேடா. உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போடுவாங்களா? ஆகாதுடா.” அப்பா, “போட வேணாங்க்கா,” என்றார். “மாலை இல்லாட்டி, இதுல செத்துப்போனது யாருன்னு எப்படிடா தெரியும்?” அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். “தெரிய வேணாமே,” என்றார்.

நம் வீட்டுப் படத்தின் கதை இதுதான், மகனே. கோட்டுத் துரை இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறார். வருஷத் திவசத்துக்கு வெளியே எடுக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அத்தை வந்தால் அரிசி எடுக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சலாம் வைக்கிறார். இன்னொரு புத்திமதியும் இருக்கிறது. உன் அப்பா யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. யாராக இருந்தாலும், சாப்பிடும்போது அவர் ஏதாவது வேடிக்கை சொன்னால் நீ சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. சிரிப்பு வந்தால் சிரித்துவிடு. அவர் காத்துக்கொண்டிருப்பார்.

இன்னும் சிலது எழுத வேண்டும், ஆனால் நேரமாகிவிட்டது. தாத்தாவின் வேலைக்கு வந்த புதியவர் சிமிட்டுகிற வழக்கமெல்லாம் வைத்துக்கொள்வதில்லை, மணியானதும் அணைத்துவிடுவார். இன்று அவர் தாப்பாவுக்குப் போயிருப்பதால் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள அப்பாவை அனுப்பியிருக்கிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடுதான் போனார். அம்மா அடுப்படியில் கருவாட்டைப் பொரித்துக்கொண்டே விளக்கை அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறார். நானும் ஒவ்வொரு வரிக்கும் பார்க்கிறேன். அப்பா அதெல்லாம் செய்யக்கூடியவர் இல்லை.

விளக்கு சிமிட்டியது. மறுபடியும். இதோ இன்னொரு தடவை. அப்பாவுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. ஒரு நிமிஷம் லயம் முழுக்கச் சத்தமே இல்லை. பிறகு கடைசி வீட்டிலிருந்து ஒரு குரல், “யோவ் கோமாளி மவனே! இன்னும் சோறு திங்கலய்யா!” உடனே எல்லா வீட்டிலிருந்தும் கத்துகிறார்கள். அம்மா ஜன்னலைத் திறந்து அவர் பங்குக்கும் கத்துகிறார். எஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. நாளைக் காலையில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.